உலோகம் எங்கே போகிறது? வேர்ப்பூஞ்சைகளும் நஞ்சேறிய நிலமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்களுக்கான விளக்கங்களும் இடையில் நடந்த உரையாடல்களும் நீக்கப்பட்டுள்ளன.)



துறை சாராதவர்களுக்கும் விளங்கும்படி அறிவியலைத் தமிழில் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் நிபந்தனை. ஆகவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். துத்தநாகமும் காரீயமும் காட்மியமும் மண்டிக் கிடக்கும் நிலத்தில் பெரும்பாலான செடிகள் முளைத்த வேகத்தில் கருகிவிடுகின்றன. சில மட்டும் பிழைத்துக்கொள்கின்றன. பிழைத்தவற்றின் வேரைத் தோண்டி எடுத்துப் பார்த்தால் அதில் அநேகமாக ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. அந்தப் பூஞ்சை செடிக்கு அப்படி என்னதான் செய்கிறது?

"பூஞ்சை மண்ணைச் சுத்தம் செய்கிறது" என்பதுதான் நாம் அடிக்கடி படிக்கும் பதில். நாளிதழ்களின் அறிவியல் பக்கத்துக்குப் பிடித்தமான செய்தி அது. எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. எண்ணெயும் சாயமும் பூச்சிமருந்தும் கரிமச் சேர்மங்கள். அவற்றை உடைத்துத் தின்னும் பூஞ்சைகள் உண்டு. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையே கரைத்துவிடும் வெண்ணழுகல் பூஞ்சைகளால் பல சாயங்களையும் உடைக்க முடியும். துத்தநாகமோ ஒரு தனிமம். எந்த நொதியாலும் அதை வேறொன்றாக மாற்ற முடியாது. ஒரு வயலில் ஒரு கிலோ காட்மியம் வந்து சேர்ந்துவிட்டால், மழைநீர் அரித்துக்கொண்டு போகும்வரை, அல்லது யாராவது அள்ளிக்கொண்டு போகும்வரை, அந்த ஒரு கிலோவும் அங்கேதான் கிடக்கும்.

பூஞ்சையால் மாற்ற முடிவது இரண்டைத்தான்: உலோகம் இருக்கும் இடம், அது இருக்கும் வடிவம். செடி பிழைக்குமா, இலையில் நஞ்சு ஏறுமா, கிணற்று நீர் கெடுமா என்பதெல்லாம் இந்த இரண்டையும் பொறுத்தவை. எனவே நச்சு நிலத்தில் பூஞ்சையைப் பற்றி யார் என்ன சொன்னாலும், "உலோகத்தை எங்கே வைத்தது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதே இன்றைய என் வாதம். அதைச் சில கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. வேரில் குடியிருப்பவர்

விலை உயர்ந்த டிரஃபிள் காளானைத் தன் காடுகளில் பயிர் செய்ய முடியுமா என்று பிரஷ்ய அரசுக்கு ஒரு ஆசை வந்தது. ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியலாளரிடம் அந்த வேலையை ஒப்படைத்தது. மர வேர்களின் நுனியைப் பூஞ்சை இழைகள் உறைபோல மூடியிருப்பதையும், அது நோயல்ல, மரத்துக்கும் பூஞ்சைக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் என்பதையும் அவர் கண்டுகொண்டார். 1885இல் அதற்குப் பெயரிட்டு எழுதினார். நாம் வேர்ப்பூஞ்சை என்று சொல்வது அதைத்தான். வேளாண் துறை "வேம்" என்ற பெயரில் பரிந்துரைக்கும் வேர் உட்பூசணம் இதில் ஒரு வகை. நாற்றங்காலில் அதை இட்டுப் பழகியவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள்.

இந்த உரைக்கு மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். பைன், ஓக் போன்ற மரங்களின் வேர்நுனியை வெளியிலிருந்து போர்த்திக்கொள்வது புறவேர்ப்பூஞ்சை. வேர் செல்லுக்குள்ளேயே நுழைந்து மரக்கிளைபோலப் பிரிவது ஆர்பஸ்குலார் வேர்ப்பூஞ்சை. நெல், சோளம், நிலக்கடலை, வெங்காயம், வேம்பு என்று நிலத்தாவர இனங்களில் 70 சதவீதத்துக்குக் குறையாதவற்றில் இது இருக்கிறது. மூன்றாவது, ஹெதர் என்ற குளிர்நாட்டுப் புதரும் அதன் உறவுகளும் வைத்திருக்கும் தனி வகை. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான தொல்லுயிர்ப் படிவங்களில், முறையான வேர்கூட உருவாகாத செடிகளின் செல்களுக்குள் ஆர்பஸ்குல் என்ற அந்தக் கிளை வடிவங்கள் தெளிவாகத் தெரிகின்றன. வேர் வருவதற்கு முன்பே பூஞ்சை வந்துவிட்டது.

பண்டமாற்று எளிமையானது. செடி தன் சர்க்கரையையும் கொழுப்பையும் கொடுக்கிறது. பூஞ்சை, வேர் எட்டாத தொலைவிலிருந்து மணிச்சத்தான பாஸ்பேட்டையும் துத்தநாகம், செம்பு போன்ற நுண்சத்துகளையும் கொண்டுவருகிறது. ஒரு இழையின் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான்; வேர்த்தூவி புகமுடியாத துளைக்குள்ளும் அது புகுந்துவிடும். செடிக்கு எது உள்ளே வருகிறது என்பதைத் தீர்மானிக்கும் வாசல் இதனால் வேரிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. நம் வாதத்துக்கு அந்த இடைவெளி முக்கியம்.

எல்லாச் செடிக்கும் இந்தத் துணை கிடையாது. கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி அடங்கிய குடும்பமும், தண்டுக்கீரை, முளைக்கீரை அடங்கிய குடும்பமும் பெரும்பாலும் வேர்ப்பூஞ்சையே இல்லாமல் வாழ்பவை. நகர்ப்புறச் சாக்கடை நீரில் விளையும் கீரைகளைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. அந்தச் செடிகளுக்கு "வேம்" இட்டும் பயனில்லை.

2. உலோகம் எந்த வாசல் வழியாக வருகிறது

துத்தநாகமும் செம்பும் செடிக்குத் தேவை. அளவு மீறினால் நஞ்சு. காட்மியமும் காரீயமும் எந்த அளவிலும் தேவையில்லை. ஆனால் தேவையற்றவற்றுக்கென்று வேரில் தனிக் கதவு எதுவும் இல்லை. காட்மியம், துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் கால்சியத்துக்கும் உரிய வழிகளில் திருட்டுத்தனமாக நுழைகிறது. ஆர்சனேட், பாஸ்பேட்டைப் போலவே வடிவம் கொண்டது என்பதால் பாஸ்பேட்டை இழுக்கும் புரதமே அதையும் உள்ளே இழுத்துவிடுகிறது. பாஸ்பேட் வாசலில் காவல் நிற்பது யார்? பூஞ்சை. ஆக, உலோகப் பிரச்சினைக்குள் பூஞ்சை வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டெவன் கிரேட் கான்சல்ஸ் என்ற பழைய சுரங்கம் உண்டு. செம்புக்காகத் தோண்டப்பட்டு, பின்னாளில் ஆர்சனிக்குக்குப் பேர்போனது. அங்கே வளரும் ஹோல்கஸ் புல்லையும் அதன் வேர்ப்பூஞ்சைகளையும் வைத்து நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. சுரங்க மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சை வேரில் குடியேறியதும், பாஸ்பேட்டை வேகமாக இழுக்கும் அந்தப் புரதத்தின் வேலை மட்டுப்பட்டது. ஆர்சனேட் நுழைவதும் அதோடு குறைந்தது. வாசலைச் சாத்திவிட்டால் மணிச்சத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழும். மணிச்சத்தைத்தான் பூஞ்சை தன் இழை வழியாகக் கொண்டுவந்து தருகிறதே.

3. கெம்பன்: பூஞ்சை மாறிய நிலம்

இந்த உரையில் நான் அதிக நேரம் நிற்கப்போவது பெல்ஜியத்தின் வடகிழக்கில், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய கெம்பன் பகுதியில். மணற்பாங்கான, அமிலத்தன்மை கொண்ட, சத்தற்ற நிலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பாலன், ஓவர்பெல்ட், லொம்மெல் ஆகிய ஊர்களில் துத்தநாக உலைகள் எழுந்தன. சல்பர் டை ஆக்சைடு புகையும் துத்தநாக, காட்மியத் தூசும் பல பத்தாண்டுகள் அந்த மண்ணில் படிந்தன. உலைகளைச் சுற்றியிருந்த புதர்க்காடு மறைந்து வெறும் மணல் மிஞ்சியது. 1970களில் பழைய உலைகள் நிறுத்தப்பட்டுப் புகை குறைந்தது. மண்ணில் விழுந்த உலோகம் மட்டும் போகவில்லை.

அந்த நிலத்தின் விளிம்புகளில் ஸ்காட்ஸ் பைன் மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வந்தன. அவற்றின் அடியில் சுய்லஸ் லூட்டியஸ் என்ற காளான். பழுப்புத் தொப்பி, மழை பெய்தால் பிசுபிசுக்கும். தொப்பியின் அடியில் செதில்களுக்குப் பதிலாகப் பஞ்சுபோல் துளைகள் இருக்கும். யான் கோல்பர்ட் என்ற பெல்ஜிய ஆய்வாளர் 1980களிலிருந்தே இந்தக் காளான்களைச் சேகரித்து, ஆய்வுக்கூடத் தட்டுகளில் துத்தநாகம் சேர்த்து வளர்த்துப் பார்த்தார். உலைகளுக்கு அருகில் எடுத்தவை அதிகத் துத்தநாகத்திலும் வளர்ந்தன. தூய காடுகளிலிருந்து எடுத்த அதே இனத்துப் பூஞ்சைகள் அந்த அளவில் நின்றுவிட்டன. நூறு ஆண்டுகளுக்குள் ஒரு பூஞ்சை இனம் அந்த இடத்துக்கு ஏற்பத் தகவமைந்துவிட்டது.

இதை வேல்ஸ் நாட்டுப் புல்லோடு ஒப்பிட வேண்டும். ஆன்டனி பிராட்ஷா என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், காரீயச் சுரங்கக் கழிவு மேடுகளில் வளரும் அக்ராஸ்டிஸ் புல், சற்றுத் தள்ளி மேய்ச்சல் நிலத்தில் வளரும் அதே புல்லைவிட உலோகத்தைத் தாங்குகிறது என்று 1952இல் காட்டினார். பரிணாமத்தைக் கண்ணெதிரே பார்க்கலாம் என்பதற்கு இன்றும் பாடநூல்கள் தரும் உதாரணம் அது. புல் சீக்கிரமே பூத்து விதைத்துவிடும். தலைமுறைகள் வேகமாக ஓடும். பைன் மரம் விதை தரவே பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் தன்னை மாற்றிக்கொள்ள அதற்கு அவகாசம் இல்லை. தான் மாறுவதற்குப் பதிலாக, மாறிய பூஞ்சையைத் துணைக்கு வைத்துக்கொண்டது மரம்.

இது வெறும் ஊகமாக நிற்காமல் இருக்க ஒரு நேரடிச் சோதனை வேண்டும். அதையும் கோல்பர்ட் குழுவினரே செய்து 2004இல் வெளியிட்டார்கள். பைன் நாற்றுகளில் ஒரு பகுதிக்குத் துத்தநாகத்தைத் தாங்கும் சுய்லஸ் போவினஸ் (லூட்டியஸின் உறவினம்), இன்னொரு பகுதிக்குத் தாங்காத அதே இனம். பிறகு இரண்டுக்கும் துத்தநாகம் ஊற்றினார்கள். தாங்காத பூஞ்சை சுருங்கிப்போனது. அதை நம்பியிருந்த நாற்று சத்து உறிஞ்சும் திறனையும் இழந்தது. தாங்கும் பூஞ்சை வைத்திருந்த நாற்று ஏறத்தாழ வழக்கம்போல வளர்ந்தது. இங்கேதான் நம் கேள்வியைக் கேட்க வேண்டும்: அந்தப் பூஞ்சை துத்தநாகத்தை எங்கே வைத்தது? விடை பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். தாங்கும் பூஞ்சை, தாங்காததைவிடக் குறைவாகவே துத்தநாகத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. மண்ணில் இருந்ததை மண்ணிலேயே விட்டுவிட்டது. கெம்பன் பைன் காடு பச்சையாக இருக்கிறது. அதன் மண் இன்னும் நச்சு மண்தான்.

பின்னர் 2020இல் வந்த மரபணுத் தொகுதி ஆய்வு இன்னொரு செய்தி சொன்னது. நச்சு நிலத்துச் சுய்லசும் தூய நிலத்துச் சுய்லசும் இரண்டு தனிக் கூட்டங்களாகப் பிரிந்துவிடவில்லை. வித்துகள் காற்றில் பறந்து கலந்துகொண்டே இருக்கின்றன. வேறுபாடு இருந்தது சில மரபணுக்களில். உலோகத்தைக் கடத்தும் புரதங்களுக்கான மரபணுக்கள் அவற்றுள் அடங்கும். எனக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு. சுற்றுவட்டாரத்துக் காட்டிலேயே தாங்கும் திறனுக்கான மூலப்பொருள் சிதறிக் கிடக்கிறது. எங்கிருந்தோ இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

4. வைக்கும் இடங்கள்

எடுக்காமல் விடுவது ஒரு வழி. எடுத்த பிறகு ஒதுக்கி வைப்பது மற்றொன்று. வீட்டில் வேண்டாத சாமானை வெளியே போடவும் முடியாமல், புழங்கும் இடத்தில் வைக்கவும் முடியாமல் பரணில் ஏற்றிவிடுவோம் இல்லையா, பூஞ்சை அதைத்தான் செய்கிறது. அதற்குப் பல பரண்கள் உண்டு.

முதலாவது, உடலுக்கு வெளியே. பூஞ்சை சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் உலோகங்களோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படியும். டண்டீ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி காட் குழுவினர் 2012இல், பூஞ்சைகள் காரீய உலோகத்தையே பைரோமார்ஃபைட் என்ற கனிமமாக மாற்றுவதைக் காட்டினார்கள். காரீயச் சேர்மங்களில் மிகக் குறைவாகக் கரைவது அது. இவை எல்லாம் வேர்ப்பூஞ்சைகள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மண்ணில் தனித்து வாழும் பூஞ்சைகளும் இந்த வேலையைச் செய்கின்றன.

ஆர்பஸ்குலார் பூஞ்சைகள் விட்டுச்செல்லும் பசைபோன்ற புரதப் பொருள் ஒன்று உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் சாரா ரைட் 1996இல் அடையாளம் கண்ட குளோமாலின். மண் துகள்களை ஒட்டவைத்துக் கட்டிகளாக்கும் அந்தப் பொருளை நச்சு மண்ணிலிருந்து பிரித்து அளந்தபோது, ஒரு கிராமில் 4.3 மில்லிகிராம் வரை செம்பும், 1.12 மில்லிகிராம் வரை காரீயமும், 0.08 மில்லிகிராம் வரை காட்மியமும் ஒட்டியிருந்தன. 2004இல் வெளியான இந்த எண்களை உற்றுப் பாருங்கள். செம்பைப் பிடிப்பதற்கும் காட்மியத்தைப் பிடிப்பதற்கும் ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். "கன உலோகம்" என்று மொத்தமாகப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே போதும். ஒன்றைக் கட்டுப்படுத்தும் பூஞ்சை இன்னொன்றைக் கட்டுப்படுத்தும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. குளோமாலின் என்பது ஒரே புரதமா, பல பொருள்களின் கலவையா என்ற வாதமும் இன்னும் ஓயவில்லை.

அடுத்தது, பூஞ்சையின் செல்சுவர். கைட்டினும் மெலனினும் உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும். அதையும் தாண்டி உள்ளே வந்ததை மெட்டலோதயோனின் என்ற, கந்தகம் மிகுந்த சிறு புரதங்கள் கட்டிப்போடுகின்றன. மிச்சத்தைப் பூஞ்சை வாக்குவோல் என்ற செல் அறைக்குள் தள்ளிவிடுகிறது. வித்துகளிலும் உலோகம் சேர்வது உண்டு.

கடைசிப் பரண், வேரின் புறணி. ஹெதர் புதரைப் பற்றி ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பிராட்லி, பர்ட், ரீட் ஆகியோர் செய்து 1981இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கே தொடக்கம் என்று சொல்லலாம். செம்பும் துத்தநாகமும் ஊற்றியபோது பூஞ்சை உள்ள செடி தழைத்தது. இல்லாதது வளரவே இல்லை. பூஞ்சை உள்ள செடியின் வேரில் உலோகம் மிகுந்தும், தண்டிலும் இலையிலும் குறைந்தும் இருந்தது. வேர் செல்லுக்குள் சுருண்டு கிடக்கும் பூஞ்சை இழைகளே உலோகத்தைத் தடுத்து நிறுத்தின என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இதற்கு இன்னொரு சான்று ஜெர்மனியில், ஆகன் நகரத்துக்கு அருகே பிரைனிகர்பெர்க் என்ற இடத்தில் இருக்கிறது. அந்த வட்டாரம் முழுதும் துத்தநாகக் கனிமம். அதற்காக நடந்த இழுபறியில் 1816இல் ஒரு குட்டிப் பிரதேசமே உருவானது. பக்கத்திலுள்ள கெல்மிஸ் சுரங்கம் யாருக்கு என்று பிரஷ்யாவும் நெதர்லாந்தும் ஒத்துப்போகாததால், சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டர் நிலத்தை நடுநிலை மொரெஸ்னெட் என்று பொதுவில் விட்டுவிட்டார்கள். 1920வரை அது அப்படியே நீடித்தது. பழைய சுரங்கக் குவியல்கள்மீது இன்று மஞ்சள் நிறத்தில் துத்தநாக வயலெட் பூக்கிறது. உலோக மண்ணைத் தவிர வேறெங்கும் பெரும்பாலும் காணப்படாத செடி. கொலோன் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் போத்தே குழுவினர் அதன் வேரிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தப் பூஞ்சையை வேரில் ஏற்றியதும், வேறுவகையில் வளர முடியாத நச்சு மண்ணில் மக்காச்சோளம் வளர்ந்தது. நுண்ணோக்கி வழியே பார்த்தபோது உலோகங்கள் வேரின் உட்புறணி செல்களில், பூஞ்சை இருக்கும் செல்களில், குவிந்திருந்தன. ஒரு நாட்டுச் சுரங்க மண்ணின் பூஞ்சை, அமெரிக்கக் கண்டத்துப் பயிர் ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறது.

இதில் ஒரு கணக்குத் தந்திரமும் ஒளிந்திருக்கிறது. பூஞ்சை மணிச்சத்தைக் கொடுப்பதால் செடி பெரிதாகிறது. அதே அளவு உலோகம் பெரிய உடலில் பரவும்போது கிராமுக்கு இவ்வளவு என்ற செறிவு குறைந்துவிடும். "பூஞ்சை நஞ்சைக் குறைத்தது" என்று வரும் பல ஆய்வுத் தாள்களில் இப்படி நீர்த்துப்போகும் சங்கதியும் கலந்திருக்கிறது. செடி மொத்தமாக எடுத்துக்கொண்ட உலோகத்தின் அளவையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

5. மேலே ஏற்றும் பூஞ்சை

இதுவரை சொன்னதைக் கேட்டால் பூஞ்சை எப்போதும் உலோகத்தைக் கீழேயே நிறுத்தும் என்று தோன்றும். அது உண்மையில்லை.

தென்னாப்பிரிக்காவில் பெர்கேயா காடி என்ற சூரியகாந்திக் குடும்பச் செடி இருக்கிறது. நிக்கல் மிகுந்த பாறை மண்ணில் வளர்ந்து, இலையின் உலர் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் நிக்கலைச் சேர்த்துவைக்கும். இதன் வேரிலும் ஆர்பஸ்குலார் பூஞ்சை நன்றாகக் குடியிருப்பதை 2003இல் கண்டார்கள். பூஞ்சை ஏறிய செடிகளின் இலையில் நிக்கல் கூடியதே தவிரக் குறையவில்லை.

நம் ஊர்க் கிணற்றுச் சுவர்களிலும் ஈர மதில்களிலும் முளைக்கும் ப்டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆர்சனிக் சேர்த்த மண்ணில் வளர்த்தபோது அதன் இலையில் உலர் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் ஆர்சனிக் சேர்ந்தது என்ற செய்தி 2001இல் வெளியானபோது எல்லோரும் வியந்தார்கள். அதற்கும் வேர்ப்பூஞ்சை ஏற்றிப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் ஆர்சனிக் எடுப்பு அதிகரித்ததாகவே முடிவு வந்தது.

ஒரே வகைப் பூஞ்சை ஹோல்கஸ் புல்லில் ஆர்சனிக்கைத் தடுக்கிறது, பெரணியில் ஏற்றிவிடுகிறது. முரண்பாடு போலத் தெரிந்தாலும் இதில் வியப்பில்லை. உலோகத்தை இலையில் சேர்ப்பது அந்தச் செடியின் வழக்கம். பூஞ்சை செடியை வலுவாக்கினால் அந்த வழக்கமும் வலுவாகிறது. ஆகையால் பூஞ்சையை மட்டும் பார்த்து முன்கூட்டியே முடிவு சொல்ல முடியாது. செடி, பூஞ்சை, உலோகம், மண் நான்கையும் சேர்த்து அளக்க வேண்டும்.

நடைமுறையில் இது இரண்டு பாதைகளாகப் பிரிகிறது. ஒன்று, உலோகத்தை மண்ணிலேயே கட்டிப்போட்டு மேலே பச்சைப் போர்வை வளர்ப்பது. தூசு பறக்காது, மழையில் அரிக்காது. மற்றொன்று, இலையில் ஏற்றி அறுத்து வெளியே எடுப்பது. இரண்டாவது கேட்க இனிமையானது. ஆனால் அறுத்த இலையை எரித்தால் சாம்பலில் உலோகம். புதைத்தால் புதைத்த இடத்தில் உலோகம். மோசமாகக் கெட்ட நிலத்தில் இது பல பத்தாண்டு வேலை. என் மதிப்பீட்டில், பெரும்பாலான இடங்களில் நமக்குக் கைகூடுவது முதல் பாதைதான்.

6. பாலாற்றங்கரை

இவ்வளவு நேரம் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டேன். ஆய்வுகள் அங்கே நடந்தன, வேறு காரணம் இல்லை. நச்சு நிலத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய தோல் பதனிடும் ஊர்களை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஒரு குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் பல ஆண்டுகளாகப் பேசப்படும் சங்கதி.

தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். எளிதில் கரையாது, நச்சும் குறைவு. குரோமேட் கழிவில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்டது. நீரில் கரையும், புற்றுநோய் தரும். குரோமியத்தைப் பொறுத்தவரை நான் தொடக்கத்தில் சொன்ன இடம், வடிவம் இரண்டில் வடிவமே பெரிது. ஆறு இணைதிறனை மூன்றாகக் குறைத்துவிட்டால் ஆபத்தின் பெரும்பகுதி அடங்கும். சீன ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிர் கொண்டு பார்த்து, ஆர்பஸ்குலார் பூஞ்சை இழைகளின்மேல் குரோமியம் மூன்று இணைதிறன் வடிவில், பாஸ்பேட்டோடு சேர்ந்து படிவதை 2016இல் காட்டியிருக்கிறார்கள்.

பாகிஸ்தானில் தோல் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் வளர்ந்த சிசு, கருவேலம், பாப்ளர் மரங்களின் வேர்களில் வேர்ப்பூஞ்சை செழித்திருந்ததை 2001இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்கிறது. கருவேலம் நம் கண்மாய்களில் நிற்கும் மரம். அங்கே முடிவது இங்கே முடியாமல் போக மண்ணளவில் காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதற்காகக் கடையில் கிடைக்கும் "வேம்" பொட்டலத்தை வாங்கிக் குரோமிய மண்ணில் தூவினால் போதும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தூய மண்ணில் பெருக்கிய பூஞ்சைக்கு அந்த இடத்தில் என்ன ஆகும் என்பதைக் கெம்பன் நாற்றுகள் காட்டிவிட்டன. நஞ்சிலேயே பிழைத்து நிற்கும் செடிகளின் வேர் மண்ணிலிருந்து பூஞ்சையை எடுத்து, நாற்றங்காலில் பெருக்கி, அதே இடத்து மரக்கன்றுகளோடு நட வேண்டும். நட்டபின் சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டக் கூடாது. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சைக்குக் கொடுப்பதை நிறுத்திக்கொள்ளும். அந்த உரத்தின் மூலப்பொருளான பாறைப் பாஸ்பேட்டில் காட்மியம் கலந்திருப்பதும் உண்டு. உழவும் வேண்டாம், இழை வலை அறுந்துபோகும். அந்த நிலத்தில் கீரையோ காய்கறியோ தீவனமோ எதுவும் விளைவிக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. பூஞ்சை மலிவானது என்பதால், கழிவை அள்ளி அப்புறப்படுத்தும் பொறுப்பிலிருந்து யாரும் தப்பிக்க அதை ஒரு சாக்காகக் காட்டக் கூடாது. குவியலை அகற்றுவது மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை. அகற்றிய பிறகு மண்ணில் எஞ்சுவதைக் கட்டிவைக்கத்தான் பூஞ்சையைக் கேட்கலாம்.

7. மாணவர்களுக்கு

மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிகளின் வேர்ப்பூஞ்சைகளைப் பற்றிக் கோவையிலிருந்து முத்துக்குமாரும் உடையானும் செய்த விரிவான பதிவுகள் உலக அளவில் மேற்கோள் காட்டப்படுகின்றன. மலைக்கு அப்படி ஒரு பதிவு இருக்கும்போது, சமவெளியின் கெட்ட நிலங்களுக்கும் ஒன்று வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பிழைத்து நிற்கும் செடியின் மெல்லிய வேர்களைக் கழுவி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி, அமிலத்தில் அலசி, டிரிப்பான் நீலத்தில் சாயமேற்றினால், எந்தக் கல்லூரியிலும் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியிலேயே ஆர்பஸ்குல் தெரியும். 1970இல் பிலிப்ஸும் ஹேமனும் வெளியிட்ட முறை. இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

அதைச் செய்யும்போது இலையை மட்டும் அளந்துவிட்டு அறிக்கை எழுதாதீர்கள். மண், வேர், தண்டு, இலை நான்கிலும் உலோகத்தை அளந்து, செடியின் உலர் எடையையும் சேர்த்துக் கொடுங்கள். பூஞ்சை ஏற்றாத செடியிலும் அதே நான்கையும் அளந்து பக்கத்தில் வையுங்கள். வேர் மண்ணில் ஒரு பிடியைத் துறையில் குளிரூட்டிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வருபவர் அதிலிருந்து பூஞ்சையைப் பெருக்கிக்கொள்ளலாம். வரும் மழைக்காலத்துக்குள் உங்களில் யாராவது ராணிப்பேட்டைக்கோ ஆம்பூருக்கோ சென்று இந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.